காப்புக் கட்டிய அறை

உள்வாடகைக்கு அறை விடுவதற்கு முன் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று யாருக்காவது சந்தேகம் வந்தால் தாராளமாக என்னிடம் வரலாம். செய்யக்கூடிய தவறுகள் அனைத்தையும் நானே செய்து பார்த்து வைத்திருக்கிறேன்.

என் பெயர் சுகிர்தா. வயது முப்பத்தொன்று. சிவகாசியில் தினசரி காலண்டர் அச்சடிக்கும் சீனிவாசகத்தின் ஒரே மகள். அம்மா இறந்த பிறகு அப்பாவும் நானும் ஒரே கூரைக்குக் கீழே சண்டை போட்டது போதும் என்று தோன்றவே, இரண்டு வருடத்துக்கு முன்னால் விருதுநகருக்கு வந்துவிட்டேன். சூலக்கரை போகிற சாலையில் ஒரு அடுக்குமாடியில் ஓவியா என்ற பெண்ணோடு சேர்ந்து குடியிருப்பு. ஓவியா தனியார் மருத்துவமனையில் ரத்தம் பரிசோதிப்பவள். அவளுக்கு ஒரு அறை, எனக்கு ஒரு அறை, பொதுவில் ஒரு ஹாலும் அடுப்படியும். என் அறை பத்தடிக்குப் பத்தடி. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். ஆனாலும் இந்தப் பூமியில் அப்பாவுக்குச் சொந்தமில்லாத, நான் கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய ஒரே இடம் அதுதான். எங்கள் சிவகாசி வீட்டில் அப்பா கதவைத் தட்டியதாகச் சரித்திரம் இல்லை. நேராகத் திறந்துகொண்டு வந்து, "பாப்பா, இந்த முருகர் நல்லாருக்கா, அந்த முருகர் நல்லாருக்கா?" என்று இரண்டு படத்தை நீட்டுவார்.

மாசி மாதம் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. பெரிய டிசைன் கம்பெனி. அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். சொன்னேன் என்பதை விட, பீற்றிக்கொண்டேன் என்பதுதான் சரி. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மூணு மாசம் தாங்க மாட்டே. வந்துருவே. வந்தா நேரா நம்ம வீட்டுக்கு வா, ஆபீஸ்ல உனக்குன்னு சீட்டுப் போட்டு வைக்கேன், மாப்பிள்ளையும் பாத்து வைக்கேன்" என்றார். அந்தச் சீட்டையும் மாப்பிள்ளையையும் நினைத்தவுடன் போனை வைத்துவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. வாய் என்னவோ, "இனிமே அங்கன வரவே மாட்டேன்" என்றது.

வாய்க்கு இருக்கிற துணிச்சல் மீதி உடம்புக்கு எனக்கு எப்போதும் இருந்ததில்லை. ஆகவே அறையைக் காலி செய்யாமல், உள்வாடகைக்கு விடுவதென்று முடிவு செய்தேன். சென்னை கைவிட்டாலும் திரும்பி வர ஒரு கதவு இருக்கும்.

ஓவியாவுக்குத் தெரிந்த நர்சு மூலமாக ஒரு அம்மா வந்தார். பெயர் பாண்டிச்செல்வி, நாற்பத்தைந்து வயதிருக்கும். அச்சங்குளத்தில் சொந்த வீடு, அந்தப் பக்கமே பட்டாசுக் கம்பெனியில் பாக்கிங் வேலை. நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அவரைக் கட்டில் முனையில் உட்கார வைத்து விசாரணை நடத்தினேன். மீன் பொரிப்பீர்களா? சத்தமாக டிவி வைப்பீர்களா? சொந்தக்காரர்கள் வந்து தங்குவார்களா? சுவரில் ஆணி அடிப்பீர்களா? பிரிட்ஜில் யார் தட்டு எது என்று அடையாளம் தெரியுமா? அந்த அம்மா எல்லாவற்றுக்கும், "சரி தாயி", "இல்ல தாயி" என்று பதில் சொன்னார். என் கெடுபிடியில் எனக்கே ஒரு பெருமை. இத்தனையும் கேட்டுவிட்டு, அச்சங்குளத்தில் சொந்த வீடு இருக்கிற ஒரு பெண்பிள்ளைக்கு விருதுநகரில் எதற்காக அறை வேண்டும் என்பதை மட்டும் நான் கேட்கவில்லை.

"ஏப்ரல் கடைசி வரைக்கும் இருந்துக்கலாமா தாயி?" என்று கேட்டார்.

"தாராளமா இருங்க. நான் இனிமே வர்றதா இல்ல" என்றேன். மறுபடியும் அந்த வாய்.

கதவுக்குப் பின்னால் எங்கள் கம்பெனி காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. வருடா வருடம் அப்பா ஒரு வார்த்தையும் எழுதாமல் வேனில் கொடுத்து அனுப்புவார். நானும் ரோஷத்துக்கு மாட்டுவேன், ரோஷத்துக்குக் கிழிக்க மாட்டேன். அதில் பங்குனியைப் புரட்டியிருந்தால் விருதுநகர் மாரியம்மன் பொங்கல் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்திருக்கலாம். அப்படி அச்சடித்துத்தான் எங்கள் வீட்டில் மூன்று வேளை சோறு. அதைப் பார்க்காமல் அறையை விட்ட ஒரே காலண்டர்காரர் மகள் நானாகத்தான் இருப்பேன்.

சென்னையில் ஐந்து வாரம் இருந்தேன். அந்தக் கம்பெனியில் எல்லாமே வெற்றிடம். ஒரு பெரிய வெள்ளைத்தாளில் மூலையில் சின்னதாக ஒரு எழுத்து இருந்தால் அது டிசைன். என் கையோ பத்து வருடம் காலண்டர் போட்ட கை. காலி இடத்தைக் கண்டால் ஒரு குத்துவிளக்கு வைக்கும், நான்கு மூலையிலும் தாமரை போடும். ஒரு மருத்துவமனை விளம்பரத்துக்கு நான் போட்ட ஓரத்தைப் பார்த்து எங்கள் மேலாளர், "கல்யாணப் பத்திரிகையா?" என்று கேட்டான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் என்ன பதில் சொன்னேன் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. அன்று சாயங்காலம் ரயில் ஏறிவிட்டேன்.

விருதுநகரில் இறங்கியதும் ஊரெல்லாம் டியூப் லைட்டும் வேப்பிலையுமாக இருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வீட்டுக் கதவைத் திறந்த ஓவியா தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசிய முகத்தோடு நின்றாள். முட்டை இல்லாமல் ஒரு வேளை சாப்பிடாத ஓவியா!

"அக்கா! என்ன திடீர்னு வந்துருக்கீக? செருப்பை வெளிய விட்டுட்டு வாங்க. கால் கழுவிட்டு வாங்க."

"எதுக்குடி?"

"அத்தை காப்புக் கட்டிருக்காக."

அத்தை யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. என் அறையின் நிலையில் வேப்பிலை கட்டியிருந்தது. உள்ளே என் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டு, தரையில் பாய் விரித்து, மஞ்சள் சேலையில் பாண்டிச்செல்வி உட்கார்ந்திருந்தார். கையில் மஞ்சள் கயிறு. சுவரோரம் புது மண்சட்டி. காலண்டரில் அன்றைய தேதி வரைக்கும் சுத்தமாகக் கிழித்திருந்தது.

"வாங்க தாயி. மெட்ராசுல சாப்பாடு சரியில்லையா? மெலிஞ்சிட்டீகளே."

நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். வேலையை விட்டுவிட்டேன், அறை வேண்டும், மீதி நாளுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ள முடியுமா என்றேன். முடிந்தவரை மரியாதையாகத்தான் கேட்டேன். அந்த அம்மா கையில் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றைத் தூக்கிக் காட்டினார்.

"தாயி, அக்கினிச்சட்டி எடுக்கேன்னு நேர்ந்திருக்கேன். காப்புக் கட்டுன வீட்டை விட்டு எந்திரிச்சுப் போகக் கூடாது. பகல்ல வேலைக்குப் போகலாம், ராத்திரிக்கு ஆத்தா எல்லைக்குள்ள வந்துறணும். அதுக்குத்தான் இங்கன ரூம்பு கேட்டேன். பொங்கல் முடிஞ்ச மறுநா சட்டி எடுத்துட்டு அன்னைக்கே காலி பண்ணிருதேன்."

ஏப்ரல் கடைசி வரைக்கும் இருக்கச் சொன்னது நான். வர மாட்டேன் என்றதும் நான். ஹாலில் பாயைப் போட்டுப் படுத்தேன். என் சொந்த வாடகை வீட்டில் நான் விருந்தாளி. ஓவியா எனக்குப் போர்வை கொடுத்துவிட்டு, "சத்தமாப் பேசாதீகக்கா" என்றாள்.

மறுநாள் காலையில் மதுரையில் இருக்கிற சிநேகிதி வீட்டுக்குப் போய்விடலாம் என்று பையை எடுத்தேன். ஓவியா பதறிப்போனாள்.

"அக்கா, கொடி ஏறிருச்சு. நீங்க ஒரு ராத்திரி இங்கன படுத்து எந்திரிச்சிட்டீக. இனிமே பொங்கல் முடியிற வரைக்கும் ஊரைத் தாண்டி ராத்தங்கக் கூடாதுல்ல?"

"நீ ரத்தம் டெஸ்ட் பண்றவதானடி?"

"அதுக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

நான் படித்தவள். சாமி பூதத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது என்று கல்லூரியில் மேடையேறிப் பேசிப் பரிசு வாங்கியவள். விறுவிறுவென்று பஸ் நிலையத்துக்குப் போய் மதுரை பஸ்ஸில் ஜன்னலோர சீட்டாகப் பார்த்து உட்கார்ந்தேன். டிரைவர் வண்டியைக் கிளப்பும் வரைக்கும் என் பகுத்தறிவு உறுதியாக இருந்தது. கிளப்பியதும், சும்மா ஒரு பேச்சுக்கு, ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒரு நினைப்பு வந்தது. எனக்கு ஆனால் பரவாயில்லை, இந்த பஸ்ஸில் இத்தனை பேர் இருக்கிறார்களே என்று அடுத்தவர்கள் மேல் பழியைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். திரும்பி வந்தபோது ஓவியா ஒன்றும் கேட்காமல் எனக்கும் சேர்த்துத் தோசை ஊற்றினாள்.

அதன் பிறகு ஹாலில் என் குடித்தனம். பாண்டிச்செல்வி விடிகாலையில் குளித்துக் கும்பிட்டுவிட்டுக் கம்பெனி வேனுக்குப் போவார், பொழுது சாயும்போது வருவார். அறைக்குள் நுழையும்முன் கதவின் இரும்புத் தாழ்ப்பாளை ஒரு தரம் தொடுவார். கம்பெனியில் பட்டாசு மருந்து இருக்கிற அறைக்குள் போகும்முன் உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்குவதற்காகச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போவார்களாம். அந்தப் பழக்கம் வீட்டிலும் போகவில்லை. கொஞ்ச நாளில் ஓவியாவும் தாழ்ப்பாளைத் தொட ஆரம்பித்தாள். என் கைகூட ஒரு தடவை தானாகப் போனது. சட்டென்று இழுத்துக்கொண்டேன்.

உள்வாடகைக்கு விடக்கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்த வீட்டுக்காரர் பெத்தணனை ஒரு நாள் மாடிப்படியில் சந்தித்தேன். மாட்டினேன் என்று நினைத்தேன். அவர் இரண்டு கையையும் கூப்பி, "காப்புக் கட்டுன ஆளை வீட்டுல வச்சிருக்கீகளாமே. புண்ணியம்மா. மோட்டாரை நானே நேரத்துக்குப் போட்டு விடுதேன்" என்றார். இரண்டு வருடத்தில் எனக்காக அந்த மோட்டார் ஒரு நாளும் நேரத்துக்கு ஓடியதில்லை.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என் உடம்பும் எனக்கு எதிராகத் திரும்பியது. மாதவிலக்கு. காப்புக் கட்டிய வீட்டில் அது ஆகாது. முந்தின வாரம் ஓவியாவுக்கு வந்தபோது அவள் மருத்துவமனையில் நர்சுகள் தங்குகிற இடத்துக்குப் போய்விட்டாள். "அங்கன ஒரு கட்டில்தான்க்கா, என்னையவே முணங்கிக்கிட்டுத்தான் சேத்தாக" என்று கையைப் பிசைந்தாள்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். ஐந்து வாரமாக அந்த மேலாளரிடம் காட்டாத கோபம், அப்பாவிடம் மிச்சம் வைத்த கோபம், எல்லாம் சேர்ந்து வந்தது. ஹாலின் நடுவில் நின்று, "இது என் வீடு. இதுக்காகவெல்லாம் நான் வெளிய போக மாட்டேன். எந்தச் சாமி வந்து சொன்னாலும் போக மாட்டேன்!" என்று கத்தினேன். சொன்னதில் இன்றைக்கும் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் நான் கத்தியது சாமியிடம் அல்ல, கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மனுஷியிடம்.

கதவு திறந்தது. பாண்டிச்செல்வி பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்து, சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்னைக் கடந்து படியேறிப் போனார்.

அறை கிடைத்துவிட்டது. கட்டிலை இறக்கிப் போட்டேன், மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தேன், கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். ஜெயித்துவிட்டேன். பங்குனி வெயில் ஜன்னல் வழியாகவே முகத்தில் அறைந்தது. மொட்டை மாடியில் எப்படி இருக்கும் என்று நினைக்காமல் இருப்பதற்காகப் போனைப் பார்த்தேன். பத்து நிமிஷம்கூடப் பார்க்க முடியவில்லை. எழுந்து மேலே போனேன்.

தண்ணீர்த் தொட்டியின் நிழலில் அவர் பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நிழல் நகர நகரப் பாயையும் நகர்த்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சட்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"இந்த வெயில்ல இங்கன எதுக்கு இருக்கீக?"

"உங்க ரூம்பு தாயி. நீங்க இருங்க. நான் கட்டுன வீட்டை விட்டு இறங்கல. மாடியும் இந்த வீட்டுதுதான? கேட்டுக்கிட்டேன்."

"யாருகிட்ட? வீட்டுக்காரர்கிட்டயா?"

"மாரிகிட்ட."

இதற்கு மேல் யாரிடம் முறையிடுவது? நான் சுவரோரமாக உட்கார்ந்து, மாசி மாதமே கேட்டிருக்க வேண்டியதை அப்போது கேட்டேன். எதற்காக இந்த நேர்த்திக்கடன்?

"என் மவன் பிரபாகரன் மருந்து ரூம்புல நின்னான். தண்ணி குடிக்க வெளிய வந்துருக்கான். சொம்பு கையில இருக்கும்போதே பின்னால ரூம்பு வெடிச்சுப் போயிருச்சு. கூட நின்ன ரெண்டு பேரு வரல." பாயை நிழலுக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டார். "உசுரு தப்புனதுக்கு அப்பமே மொட்டை போட்டாச்சு. இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கான். ராத்திரி யாராவது கதவைச் சாத்துனாக்கூட எந்திரிச்சு உக்காந்துக்கிருதானாம். விடிய விடிய முழிச்சிருக்கான். அவன் தூங்கணும் தாயி. அம்புட்டுத்தான் கேக்கேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. காலையிலிருந்து அந்த வீட்டில் நான் எத்தனை தடவை கதவை அறைந்து சாத்தியிருப்பேன்!

"நீங்க கீழ வாங்க. நான் போறேன்" என்றேன்.

"எங்கன போவீக?"

அது நல்ல கேள்வி. திருவிழா நேரம், லாட்ஜ் எல்லாம் நிரம்பி வழிந்தது. ஊரில் எனக்குத் தெரிந்த வீடுகளில் பாதி காப்புக் கட்டிய வீடுகள். எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே ஒரு எண்தான் மிஞ்சியது. போனைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றேன். போன் செய்தால் சிவகாசி, ஆபீஸ் சீட்டு, மாப்பிள்ளை. இந்த அறைக்காகத்தான் இரண்டு வருடம் வீம்பு பிடித்தேன். அழுகை வந்தது. பாண்டிச்செல்வி பாயோடு இன்னொரு முழம் நகர்ந்தார். எல்லை, ராத்தங்கல் எல்லாம் அந்த நேரத்தில் எனக்கு மறந்தே போனது. நான் எண்ணை அழுத்தினேன்.

"அப்பா, மெட்ராஸ் வேலையை விட்டுட்டேன். விருதுநகர்லதான் இருக்கேன். இங்கன காப்புக் கட்டுன வீடு. நான் வீட்டுக்குத் தூரம். வந்து கூட்டிட்டுப் போறீங்களா?"

அந்தப் பக்கம் கார் சாவியை எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "வர்றேன்" என்றார்.

ஒரு மணி நேரத்தில் கார் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, 'நான் அப்பமே சொன்னேன்ல' என்ற வாசகத்துக்காகக் காத்திருந்தேன். அப்பா வண்டியைக் கிளப்பவில்லை.

"எந்தத் தேதிக்கு இங்கன வந்தே?"

சொன்னேன்.

"கொடி ஏறுன பிறகா?"

"ஆமா."

அப்பா ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்துவிட்டார். "அப்ப உன்னைய எப்படி எல்லை தாண்டிக் கூட்டிட்டுப் போறது? நம்ம காலண்டர்லயே கொடியேத்தம்னு அச்சடிச்சிருக்கோமே பாப்பா!"

அவரிடம் வருடா வருடம் காலண்டர் வாங்குகிற ஒரு லாட்ஜ்காரர், சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து கொடுத்தார். இரண்டு கட்டில், ஒரு ஜன்னல். திருவிழாக் கூட்டத்தில் மகளைத் தனியாக லாட்ஜில் விட்டுப் போக மனசில்லாமல் அப்பாவும் அன்று ராத்திரி அங்கேயே படுத்தார். காலையில் எழுந்ததும்தான் அவருக்கு உறைத்தது. ஒரு ராத்திரி படுத்து எழுந்தாயிற்று. போனில் ஆபீசுக்குச் சொன்னார்: "ஏலே செந்தூர்பாண்டி, நானும் மாட்டிக்கிட்டேன்லே. பொங்கல் முடியாம ராத்தங்க அங்கன வர முடியாது. அடுத்த வருச சாம்பிளையெல்லாம் இங்கன அனுப்பு."

ஆக, பத்தடிக்குப் பத்தடி அறையை உள்வாடகைக்கு விட்டு நான் சம்பாதித்தது, அதிலும் சின்ன ஒரு அறையில் அப்பாவோடு ஒரு வாரம். உலகத்தில் எந்த அறைக்கு ஓடினேனோ அதற்கு நேர் எதிரான அறை. அப்பாவின் கட்டில் முழுக்க முருகர், லட்சுமி, பிள்ளையார். அவர் படுக்க இடமில்லாமல் தரையில் படுத்தார். முதல் நாள் நான் சேலை மாற்றும்போது காபியோடு கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் வராந்தாவிலேயே நின்று, காபி ஆறிப்போன பிறகும் உள்ளே வரவில்லை. மருந்துக்கடையில் எனக்காகச் செய்தித்தாளில் சுற்றி ஒரு பொட்டலம் வாங்கி வந்து, என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். அம்மா இருந்தவரை அதெல்லாம் அவர் கண்ணில் பட்டதே கிடையாது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, எனக்கு ஆற்றாமையாகி மெட்ராஸ் கதையை முழுக்கச் சொல்லிவிட்டேன். கல்யாணப் பத்திரிகை என்று அவர்கள் சிரித்ததைச் சொன்னபோது அப்பா சிரிக்கவில்லை. "தாமரை எந்த மூலையில போட்டே?" என்று கேட்டார். நாலிலும் என்றேன். "ரெண்டு போட்டிருக்கலாம்" என்றார். அதற்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

பொங்கலுக்கு மறுநாள் ஊரே மஞ்சளாக இருந்தது. நானும் அப்பாவும் தெருவோரம் குடத்தில் மஞ்சள் தண்ணீரோடு நின்றோம். பாண்டிச்செல்வி வந்தார். அடியில் வேப்பிலை கொடுத்து, கொழுந்துவிட்டு எரிகிற சட்டியை இரண்டு கையிலும் ஏந்தியிருந்தார். வருடம் முழுக்க ஒரு பொறிக்குப் பயந்து தாழ்ப்பாளைத் தொட்டுத் தொட்டுப் போகிற அதே கை. பக்கத்தில் ஒல்லியாக ஒரு பையன், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்து வந்தான். கேட்காமலே யார் என்று தெரிந்தது. அவர் காலில் தண்ணீர் ஊற்றியபோது எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பையன் தூங்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன், மனதார நினைத்தேன்.

தேரும் முடிந்த மறுநாள் காலையில் காரில் பையைப் போட்டேன். இனி சிவகாசிதான். தோற்றவள் கூட்டிப்போகிற இடத்துக்குப் போக வேண்டியதுதான் என்று ஏறி உட்கார்ந்தேன். அப்பா சூலக்கரை சாலையில் திருப்பினார். அடுக்குமாடிக்கு முன்னால் நிறுத்தி, என் பையை அவரே தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க மூன்று மாடி ஏறினார்.

ஓவியா வேலைக்குப் போயிருந்தாள். என்னிடம் இருந்த சாவியால் வெளிக்கதவைத் திறந்தேன். அறையில் கட்டிலைப் பழையபடி போட்டு, தரையைக் கழுவித் துடைத்துவிட்டுப் போயிருந்தார் பாண்டிச்செல்வி. நிலையில் காய்ந்த வேப்பிலை மட்டும் இருந்தது. நான் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டு உள்ளே போனேன். இந்தத் தடவை கையை இழுத்துக்கொள்ளவில்லை.

திரும்பிப் பார்த்தால் அப்பா வரவில்லை. கதவு திறந்துதான் கிடந்தது. கையில் பையோடு நிலைக்கு வெளியே நின்றுகொண்டு, கதவுக்குப் பின்னால் தொங்கும் தன் காலண்டரையும் அறையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, திறந்த கதவை விரலால் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார்.

"உள்ள வரலாமா பாப்பா?"

உள்வாடகைக்கு வருகிறவர்களுக்கு இந்த அறையில் நான் வைத்த நிபந்தனைகள் கொஞ்சநஞ்சமல்ல. இதற்கு என்ன பதில் சொல்வது என்று ஒன்றும் யோசித்து வைத்திருக்கவில்லை.

"வாங்கப்பா" என்றேன்.

இருந்தது ஒரே நாற்காலி. அதில் அவரை உட்கார வைத்துவிட்டு, நான் கட்டில் முனையில் உட்கார்ந்துகொண்டேன்.